குற்றவாளி யாரெனத் தெரியவில்லை

நவம்பர் 8, 2025, சனி. எருசலேம்

திருச்சபையோடு வந்த புனித நாட்டுப் பயணம் நேற்றோடு முடிந்தது. முப்பத்தெட்டுப் பேரும் யோர்தான் தண்ணீரையும் ஒலிவ மரச் சிலுவைகளையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு வாரம் தங்குகிறேன். "அந்தப் பக்கம் எல்லாம் எதற்கு அண்ணாச்சி?" என்று பாஸ்டர் கேட்டார். பெத்லகேமுக்குப் போகும் வழியில் இரண்டு நிறத்தில் வண்டி எண் பலகைகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. மேற்குக் கரை 1967 போரில் இஸ்ரேல் பிடித்த பகுதி. அங்குள்ள பாலஸ்தீனியரின் வண்டிக்கு வெள்ளையில் பச்சை எழுத்து, இஸ்ரேலியரின் வண்டிக்கு மஞ்சள். எந்தச் சாலையில் யார் போகலாம் என்பதைச் சாவடிச் சிப்பாய் தூரத்திலிருந்தே பலகையைப் பார்த்துச் சொல்லிவிடுகிறான்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் திருநெல்வேலி மாவட்டத்துக் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோவிலுக்கு முன்னால் கோர்ட்டைத் தேடுகிற புத்தி.

அன்றன்று இரவு எழுதி வைத்து, ஊர் திரும்பிய பிறகு நாளுக்கு ஒன்றாக இங்கே இடுகிறேன். சில பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களின் பெயர்கள் அவை.

நவம்பர் 9, ஞாயிறு. ரமல்லா

தமஸ்கு வாசல் அருகிலிருந்து பஸ். கலந்தியா சாவடியைத் தாண்டி ரமல்லா. ஊர் நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான வழக்கறிஞரைப் பார்க்க வந்தேன். இருபது ஆண்டுகளாக ராணுவ நீதிமன்றங்களில் வழக்காடுகிறவர். மேசை முழுவதும் கோப்புகள். அந்தக் காகித வாசனையிலேயே பாதி உறவு வந்துவிட்டது.

அவரிடம் முதலில் கேட்டது, எங்கள் வேலையில் முதலில் கேட்கிற கேள்வி: சம்பவம் எந்த எல்லையில் நடந்தது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 177-வது பிரிவு எனக்கு மனப்பாடம். குற்றம் நடந்த இடத்துக்கு எந்த நீதிமன்றமோ, அதற்குத்தான் வழக்கு. பாளையங்கோட்டைக்காரன் தென்காசியில் திருடினால் தென்காசியில்தான் விசாரணை.

அவர் சிரித்துவிட்டார். "இங்கே அந்தக் கேள்விக்கு இடமில்லை. இங்கே முதல் கேள்வி, நீ யார்?"

பிறகு அவர் சொன்னதை ஒரு வழக்குக் கட்டாக மனத்தில் கட்டி வைத்தேன். ஒரே மலை, ஒரே சாலை. பதினைந்து வயதுப் பையன்கள் இருவர் ஒருவர் மேல் ஒருவர் கல் எறிகிறார்கள். பாலஸ்தீனியப் பையனின் வழக்கு ஓஃபர் போன்ற ராணுவ நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதிபதியும் சீருடையில், அரசு வழக்கறிஞரும் சீருடையில். ஓடுகிற வண்டி மேல் கல் எறிந்ததாக எழுதினால் இருபது ஆண்டு வரை தண்டனைக்கு ராணுவ ஆணையில் இடம் உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்தே வழக்குப் போடலாம். மற்றவன் குடியேறி, அதாவது மேற்குக் கரையில் அமைத்த குடியிருப்பில் வாழும் இஸ்ரேலியன். அவன் கட்டு இஸ்ரேலின் சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும், சிறுவர் சட்டத்தின் எல்லாப் பாதுகாப்புகளோடும்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். இஸ்ரேலியர் கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். எங்கள் அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு சொல்கிற அதே 24. பாதுகாப்புக் குற்றம் என்று பிடிக்கப்படும் பாலஸ்தீனியருக்கு 96 மணி நேரம். இதைக் கேட்டபோது எனக்கு ரிமாண்டு நாட்கள் நினைவுக்கு வந்தன. நேரம் தாண்டிவிடுமே என்று இன்ஸ்பெக்டர்கள் நடுவரின் வீட்டுக்கே ராத்திரியில் ஓடிவருவார்கள். அந்த 24 மணி நேரத்துக்கு அத்தனை பயம்.

இந்த இரட்டை ஏற்பாடு எந்தக் காகிதத்தில் நிற்கிறது என்று கேட்டேன். 1967 போர் முடிந்த அடுத்த மாதமே போட்ட அவசரகால விதிகள். மேற்குக் கரையில் இருக்கும் இஸ்ரேலியர் மீது இஸ்ரேலியச் சட்டம் பாயும் என்பது சாரம். தற்காலிகமானவை என்பதால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் நீட்டிக்கிறது. 2022 ஜூனில் ஒரு வேடிக்கை நடந்தது. அப்போதைய அரசைக் கவிழ்ப்பதற்காக, குடியேற்றத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற எதிர்க்கட்சிகளே நீட்டிப்புக்கு எதிராக வாக்களித்தன. அரசே முன்நின்று நாடாளுமன்றத்தைக் கலைத்தது. கலைந்தால் பழைய விதி தானாக நீளும் என்பது சட்டம். 2023 ஜனவரியில் புதிய அவை முறைப்படி நீட்டித்தது. ஐம்பத்தெட்டு வயதான தற்காலிகம்.

பாலஸ்தீன அதிகார சபைக்கு போலீஸ் உண்டே என்றேன். உண்டு. ஆனால் மேற்குக் கரையில் எந்த மூலையிலும் அது ஒரு இஸ்ரேலியரைக் கைது செய்ய முடியாது. நிலப்பரப்பில் அறுபது சதவீதமான, இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் 'சி' பகுதியில் அதற்குக் காவல் அதிகாரமே கிடையாது.

புகார்கள் என்ன ஆகின்றன என்பதை இஸ்ரேலிய அரசுக்கே எழுதிக் கொடுத்தவர் அதன் துணைத் தலைமை அரசு வழக்கறிஞர் யூடித் கார்ப். குடியேறிகள் மீதான புகார்களைப் போலீஸ் விசாரிப்பதில்லை என்று 1982-லேயே அவருடைய குழு அறிக்கை கொடுத்தது. வெளியிட 1984 ஆனது. நல்ல அறிக்கைகள் அலமாரியில் தூசி தின்பதை நானும் கண்டவன்தான்.

பேச்சுவாக்கில் நான், "நாளைக்குச் சமாரியா போகிறேன்" என்றேன். எங்கள் வேதாகமத்தில் அதுதான் பெயர். வழக்கறிஞர் கொஞ்சம் பொறுத்து, "அந்த விதிகளின் தலைப்பிலும் அதுதான் இருக்கிறது, யூதேயா-சமாரியா என்று. மேற்குக் கரைக்கு இஸ்ரேல் அரசு சொல்லும் பெயர் அது. நீங்கள் நாப்லுஸ் என்று சொல்லுங்களேன்" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 10, திங்கள். நாப்லுஸ், பிறகு ஒரு கிராமம்

மஞ்சள் நிறப் பங்கு வண்டி. ஏழு பேர். வழியில் பல கிராமங்களின் வாயில் இரும்புத் தடுப்பு, அதுவும் மஞ்சள். எது எப்போது மூடும் என்பதை டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுக் கேட்டுப் போகிறார்கள்.

ஹுவாராவில் வண்டி மெதுவானது. 2023 பிப்ரவரி 26 அன்று இந்தச் சாலையில் காரில் போன இஸ்ரேலிய சகோதரர் இருவரைப் பாலஸ்தீனியர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அன்றிரவே நூற்றுக்கணக்கான குடியேறிகள் இறங்கி வீடுகளையும் கார்களையும் கொளுத்தினார்கள். பக்கத்து ஜஅதராவில் ஒரு பாலஸ்தீனியர் கொல்லப்பட்டார். இதை இனப் படுகொலைக் கலவரம் என்ற பொருள் தரும் 'போக்ரோம்' என்ற சொல்லால் குறித்தவர் அந்தப் பகுதியின் ராணுவத் தளபதியே. யூதர்கள் ஐரோப்பாவில் பட்ட பாட்டுக்கான சொல் அது.

நாப்லுஸ், வேதாகமத்துச் சீகேம். யாக்கோபின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். நிமிர்ந்தால் கெரிசீம் மலை. ஆசீர்வாதம் கூறுவதற்கென்று மோசே குறித்த மலை. அதன் மேல் இருக்கும் குடியிருப்பின் பெயர் ஹார் பிராகா, ஆசீர்வாத மலை. அதன் அடியில் வாழ்கிற கிராமத்தவர் அந்தப் பெயரைச் சொல்லும் விதத்தைக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் நாப்லுஸுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு என் வயது இருக்கும். ஆங்கிலம் பேசுகிறவர் பள்ளி ஆசிரியரான மூத்த மகன். நான் கோர்ட்டில் வேலை பார்த்தவன் என்று மகன் சொன்னதும் பெரியவர் உள்ளே போய் நீல நிற பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அதுவரை இந்தியன் என்ற பொருளில் 'ஹிந்தி' என்றவர் அதன் பிறகு மரியாதையாக 'உஸ்தாத்' என்றார்.

2011 முதல் அவர் கொடுத்த புகார்கள். மரம் வெட்டியது, ஏணியும் தார்ப்பாயும் திருடியது, கழுதையைக் கத்தியால் கிழித்தது. எபிரெயு எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் காகிதத்தின் முகம் தெரியும். மேலே எண், நடுவே இரண்டே வரி, கீழே கையெழுத்து. முடித்து வைத்த கோப்பின் முகம் அது. "என்ன காரணம் எழுதியிருக்கிறது?" என்றேன். மகன் விரல் வைத்துப் படித்தான்: குற்றவாளி யாரெனத் தெரியவில்லை. அடுத்தது? குற்றவாளி யாரெனத் தெரியவில்லை. அதற்கடுத்தது? போதிய சாட்சியம் இல்லை.

எங்கள் ஊரிலும் இப்படி முடிப்பது உண்டு. வழக்கை முடிக்கிறோம் என்று ஆர்.சி.எஸ். நோட்டீஸ் ஒன்று புகார்தாரருக்குப் போகும், அவர் ஆட்சேபிக்கலாம். எல்லா நிலையத்திலும் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காலனித் தெருக்காரர் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே மூன்று நாள் நடந்ததை நான் அறிவேன். அதற்காகத்தான் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று தனிச் சட்டமே வந்தது. ஆனால் அவருக்கும் அவரை அடித்தவனுக்கும் நீதிமன்றம் ஒன்றுதான். அவர் வழக்கை நான் கூப்பிடுகிற அதே வாசலில்தான் மற்றவன் வழக்கையும் கூப்பிடுவேன்.

யெஷ் டின் என்ற இஸ்ரேலிய அமைப்பு இந்தக் கோப்புகளையெல்லாம் பின்தொடர்ந்து கணக்கு வைத்திருக்கிறது. 2005 முதல் 2023 வரை, பாலஸ்தீனியருக்குத் தீங்கு செய்த இஸ்ரேலியர் மீதான விசாரணைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் குற்றப்பத்திரிகை இல்லாமலே மூடப்பட்டன. தண்டனையில் முடிந்தவை மூன்று சதவீதம் அளவில். ராணுவ நீதிமன்றங்களில் பாலஸ்தீனியர் வழக்குகளோ கிட்டத்தட்ட எல்லாமே தண்டனையில் முடிகின்றன.

நவம்பர் 11, செவ்வாய். தோப்பு

இன்று 'தன்ஸீக்' நாள். அரபியில் ஒருங்கிணைப்பு என்று பொருள். இந்தக் கிராமத்தின் வாழ்க்கையே இந்தச் சொல்லில் தொங்குகிறது. குடியிருப்பை ஒட்டிய ஒலிவத் தோப்புகளில் ராணுவம் குறித்துக் கொடுக்கும் நாளில் மட்டுமே இறங்க முடியும். வருடத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்.

இதன் வேர் ஒரு நல்ல தீர்ப்பு. யானூன் கிராமத் தலைவரும் அக்கம்பக்கத்து ஊர்களும் தொடுத்த வழக்கில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது: குடியேறிகள் அடிப்பார்கள் என்பதற்காக விவசாயியை அவன் நிலத்திலிருந்து தடுக்கக் கூடாது, அவனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதே ராணுவத்தின் வேலை. படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத தீர்ப்பு. அது மலை இறங்கி வரும்போது ஆண்டுக்கு இரண்டு நாள் அனுமதியாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு பக்கம், மூன்று ஆண்டு உழாமல் கிடந்த நிலத்தை அரசு கேட்கலாம் என்கிற 1858-ஆம் ஆண்டு உதுமானியர் நிலச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. போக விடாமல் செய்தால் போதும், நிலம் தரிசாகும். தரிசானால் கைமாறும்.

காலை ஆறரைக்குத் தார்ப்பாய் விரித்தோம். சீப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியால் கிளையை வாரினால் காய்கள் சடசடவென்று விழுகின்றன. மேல் கிளைக்கு ஏணி. பெண்கள் இலையையும் குச்சியையும் பொறுக்குகிறார்கள். ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஓய்கிற மரம் இது. இந்த ஆண்டு ஓய்வு ஆண்டு, மழையும் இல்லை. போன ஆண்டு முப்பது தனகா எண்ணெய் கண்ட தோப்பு இம்முறை ஐந்து கண்டால் அதிகம் என்றார் பெரியவர். தனகா என்பது நம் ஊர் எண்ணெய் டின் மாதிரி, பதினாறு கிலோ பிடிக்கும்.

ஒன்பது மணிக்கு மேலிருந்து ஏழு பேர் இறங்கி வந்தார்கள். ஐவர் முகத்தை மூடியிருந்தார்கள். ஒருவன் தோளில் துப்பாக்கி. முகம் மூடாத இருவரில் ஒருவன் பையன், இருபது வயது கூட இராது, கையில் தடி. "முஸ்தவ்தினீன்", குடியேறிகள், என்று பெண்கள் மெதுவாகச் சொன்னார்கள். ஓடவில்லை. தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அத்தனை பழக்கம். பெரியவரின் மைத்துனர் மட்டும் மூட்டையை விடாமல் நின்றார். தடி அவர் முழங்கையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று மூட்டை போயிற்று. மகன் எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

இருபது நிமிடத்தில் ராணுவ ஜீப். வந்த அதிகாரி எங்களிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். மூடப்பட்ட ராணுவப் பகுதி, பத்து நிமிடத்தில் எல்லோரும் வெளியேற வேண்டும். இன்று அனுமதி நாள் ஆயிற்றே என்றார் மகன். காலையில் அனுமதி, இப்போது ஆணை. அவர்கள்? என்று மரத்தடியைக் காட்டினார். ஏழு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் நம் மூட்டைகள். அது போலீஸ் வேலை என்றார் அதிகாரி. போலீஸ் வரும்வரை தடுத்து நிறுத்தி வைக்கச் சிப்பாய்க்கு அதிகாரம் உண்டு என்று முந்தாநாள் வழக்கறிஞர் எனக்குச் சொல்லியிருந்தார். என் கழுத்தில் கிடந்த சுற்றுலாக்காரத் தொப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

இரவுச் செய்தி: பெய்த் லீத், டெய்ர் ஷராஃப் பக்கம் முகமூடி அணிந்த டஜன்கணக்கானவர்கள் லாரிகளுக்குத் தீ வைத்தார்கள், நான்கு பேர் கைது. (மறுநாள் இஸ்ரேல் அதிபர் ஹெர்சோக்கே இதைக் கண்டித்தார்.) கடந்த அக்டோபரில் மட்டும் 260-க்கு மேற்பட்ட தாக்குதல்கள், 2006-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதத்தில் இவ்வளவு இல்லை என்கிறது ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகம். வீட்டில் யாரும் டிவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. மைத்துனரின் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 12, புதன். காவல் நிலைய வாசல்

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதில் நள்ளிரவு வரை சண்டை. மைத்துனர் வேண்டாம் என்கிறார். அடிபட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்போது புகாரே கொடுப்பதில்லையாம். பெரியவர் விடவில்லை. "கொடுக்காவிட்டால் நடக்கவே இல்லை என்பார்கள்." இது என் வாழ்நாளெல்லாம் நான் நம்பிய வாக்கியம், வேறு மொழியில்.

காவல் நிலையம் ஒரு குடியிருப்புக்குள் இருக்கிறது. அதாவது, அடித்தவனின் அக்கம்பக்கத்தில். பச்சை எண் வண்டி உள்ளே போக முடியாது. வாசலில் இறங்கி, போன் செய்து, உள்ளிருந்து யாராவது வந்து அழைத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பதுக்குப் போனோம். நிழல் இல்லை. யெஷ் டின் தன்னார்வலரான ஒரு இஸ்ரேலிய அம்மாள், எழுபதைத் தாண்டியவர், டெல் அவிவிலிருந்து கார் ஓட்டி வந்து எங்களோடு நின்றார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போன் போட்டு எபிரெயுவில் சண்டை போட்டார். நடுவே எங்களுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். பெரியவரும் அவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வரும்வரை பெரியவர் வாசலைப் பார்க்காமல் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். நான் வெளியே. மகன் வந்து சொன்னதை எழுதுகிறேன். முதல் கேள்வி: மூடப்பட்ட ராணுவப் பகுதியில் உங்களுக்கு என்ன வேலை? கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. அடிபட்டவர், தான் குற்றவாளி இல்லை என்று முதலில் நிரூபித்தார். பிறகு வாக்குமூலம், அரபியில் சொன்னதை எபிரெயுவில் எழுதி, கீழே கையெழுத்து. வீடியோவில் ஒரு முகம் தெளிவாகத் தெரிகிறதே என்றதற்கு, குறுந்தகட்டில் பதிந்து இன்னொரு நாள் கொண்டுவரச் சொன்னார்களாம். இந்தக் காலத்தில் குறுந்தகட்டுக்கு எங்கே போவது! நம் ஊராக இருந்தால் கூடவே, மின்னணுச் சாட்சியத்துக்கு எங்கள் காலத்தில் வைத்த 65-பி சான்றும் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது.

ரசீது கிடைத்தது. மகன் அதைப் போனில் படம் எடுத்தான். பெரியவர் நான்காக மடிக்கப் போனார். நான் தடுத்து, மடிப்பு எண்ணின் மேல் விழாதபடி இரண்டாக மடித்துக் கொடுத்தேன். என்னால் ஆன உதவி.

திரும்பும் வழியில் அந்த அம்மாள் டூமாவைப் பற்றிச் சொன்னார். 2015 ஜூலை 31, உறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குத் தீ. பதினெட்டு மாதக் குழந்தையும் தாயும் தகப்பனும் இறந்தார்கள். கொளுத்திய குடியேறிக்கு மூன்று ஆயுள் தண்டனை, மேல்முறையீடும் தள்ளுபடி. "நாங்கள் சட்டம் நடத்துகிறோம் என்று சொல்ல எங்களவர்களுக்கு அந்த ஒரு வழக்கு இருக்கிறது" என்றார். எங்களவர்கள் என்ற சொல்லை அவர் விழுங்கித்தான் சொன்னார்.

நவம்பர் 13, வியாழன். தெற்கே

விடிகாலையில் டெய்ர் இஸ்தியாவில் பள்ளிவாசலுக்குத் தீ வைத்த செய்தி. எபிரோன் வழியாகத் தெற்கு மலைகளுக்குப் போனேன். எபிரோனின் பழைய கடைத்தெருவில் தலைக்கு மேல் கம்பி வலை, மேல்மாடிக் குடியேறிகள் எறியும் குப்பையைத் தாங்க. 1994-ல் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான். அதன் பிறகு கடைகளை இழந்தது பாலஸ்தீனியரின் ஷுஹதா தெரு. இதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

அத்-துவானி என்ற சின்ன ஊர். பக்கத்துத் தூபாவிலிருந்து பிள்ளைகள் இங்குள்ள பள்ளிக்கு வர வேண்டும். வழியில் குடியேறிகள் அடிக்கிறார்கள் என்பதால் 2004 முதல் ராணுவ ஜீப் துணை வரும் என்று ஏற்பாடு. ஆறு வயதுப் பிள்ளை ஜீப்புக்குப் பின்னால் நடந்து பள்ளிக்கு வரும். அடிக்கிறவனைப் பிடிப்பதைவிட அடிபடுகிற பிள்ளைக்கு ஜீப் விடுவது சுலபம் என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்து, குறிப்பு எழுதி, ஒப்பம் வாங்கியிருப்பார்கள். அந்தக் கோப்பைப் பார்க்க ஆசை.

உம் அல்-கைர். கர்மேல் குடியிருப்பின் வேலியும் இந்தத் தகரக் கூரைகளும் கைக்கெட்டும் தூரம். இவ்வாண்டு ஜூலை 28-ல் இங்கே அவ்தா ஹதாலீன் என்ற ஆங்கில ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட குடியேறி தற்காப்பு என்கிறார். சில நாட்களில் வீட்டுக் காவலும் நீங்கி வெளியே வந்துவிட்டார். இறந்தவரின் உடலுக்கோ பத்து நாள் காவல். அடக்கத்துக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்பது போன்ற நிபந்தனைகளை ஊர் ஏற்கவில்லை. பெண்கள் உண்ணாவிரதம் இருந்தே உடலை வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் பலரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கும் நிர்வாகக் காவலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனியர் இருக்கிறார்கள். குடியேறிகள் சிலர் மீதும் முன்பு அதைப் பயன்படுத்தினார்கள். பாதுகாப்பு அமைச்சர் காட்ஸ் 2024 நவம்பரில் குடியேறிகளுக்கு மட்டும் அதை நிறுத்தினார். ஞாயிறு பள்ளியில், சுதேசிக்கும் பரதேசிக்கும் ஒரே பிரமாணம் என்று நான் படித்தது இவர்களுடைய மோசேயின் சட்டத்தில்தான்.

ஒரு சிறுமி எனக்குச் சுலைமானி மாதிரி சர்க்கரை நிறைந்த தேநீர் கொண்டுவந்தாள், சேஜ் என்கிற மூலிகை இலை போட்டது. மரமிய்யா என்கிறார்கள். வாசனை இன்னும் கையில் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி. விமான நிலையம்

பெரியவர் புறப்படும்போதே ஒரு கோலா பாட்டிலில் எண்ணெய் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்திருந்தார். பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே வைத்தேன். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய இளம்பெண் கேட்டாள்: எங்கெல்லாம் போனீர்கள்? யாரைச் சந்தித்தீர்கள்?

முப்பத்திரண்டு வருடம் சாட்சிகளுக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைத்தவன். உண்மை, முழு உண்மை என்று தினமும் சொல்லிக் கொடுத்தவன்.

எருசலேம், பெத்லகேம், யாக்கோபின் கிணறு என்றேன்.

"யாக்கோபின் கிணறா? அது எங்கே இருக்கிறது?"

"சமாரியாவில்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் சீட்டு ஒட்டி, போகச் சொன்னாள்.